சேவல் போட்ட முட்டை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை என் சேவல் முட்டை போட்டது.

செருப்பு அலமாரியின் அடித்தட்டில், என் பழைய காலணிக்குப் பக்கத்தில்... சின்னதாக ஒரு முட்டை. மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

முதலிலிருந்து வருகிறேன்.

சென்ற ஆண்டுக் கடைசியில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகள் சோர்ந்தே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. பத்தியக் குழம்புக்குக் கிராமத்தில் மேய்ந்த கம்பத்துக் கோழிதான் வேண்டும் என்றாள் மனைவி. ரவாங் சந்தையில் வாங்கி வந்தேன். "இதெல்லாம் பேருக்குத்தான் நாட்டுக்கோழி. பார்வதி வீட்டுக்குப் போங்க" என்றாள்.

பார்வதி என் சித்தப்பா மகள். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கோழி வளர்க்கிறாள். அவள் கணவர் — என் மச்சான் — அதைப் 'பொழுதுபோக்கு' என்பார். அரைவேக்காட்டு முட்டையைக் குடித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பொழுதுபோக்கில்தான் மூத்த மகளின் பஸ் காசும் சின்னவர்கள் காலுக்குப் பள்ளிச் சப்பாத்தும் வருகின்றன. அவள் யாரிடமும் கை நீட்டுவதில்லை. ஒரு சட்டமும் வைத்திருக்கிறாள்: பிள்ளைகள் தின்றது போக மிச்சமிருக்கும் முட்டைதான் கடைக்கு.

"முட்டைய வித்துட்டுப் புள்ளைங்களுக்கு மீ நூடுல்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுக்கவாண்ணே? அதுக்கு நான் கோழி மேய்க்கணுமா?"

அவள் வீட்டுக்குப் போய், கூடையில் உப்பலாக உட்கார்ந்திருந்த கோழியைக் காட்டினேன். இருந்ததிலேயே அதுதான் குண்டு.

"அது அடை படுத்திருக்கு லா. அதான் சிலுப்பிக்கிட்டு இருக்கு. மத்ததெல்லாம் முட்ட வைக்குது."

மிச்சம் ஒரே ஒரு இளஞ்சேவல். அது முனியாண்டிக்கு நேர்ந்து விட்டது. மூத்தவள் தாதியர் படிப்புக்கு இன்டர்வியூ போய் வந்திருந்தாள். இடம் கிடைத்தால் சாமிக்குச் சேவல். முடிவு இன்னும் வரவில்லை.

சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். பார்வதி என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தோட்டத்து எல்லையிலிருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து சேவலைப் பிடித்தாள்.

"சாமிகிட்ட என்னம்மா சொன்ன?"

"பச்ச ஒடம்புக்காரி சாப்புடட்டும், ஆடிக்கு எங்கண்ணன் ஒரு சேவல் வளத்துக் கொண்டாருவாருன்னு சொன்னேன்."

அண்ணனைக் கேட்காமலே.

அவள் சேவலைச் சுத்தம் செய்து கொண்டிருந்த நேரத்தில், குஞ்சுகளில் கம்பீரமான ஒன்றை நானே பொறுக்கி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அன்று மகள் குழம்புச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது... மிளகு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. இடம் கிடைக்காமல் போனால்? தங்கை மகளின் எதிர்காலத்தையல்லவா என் வீட்டில் குழம்பு வைத்துவிட்டோம்? நல்லவேளை, கிடைத்தது. இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். பார்வதி கலங்கியதாகவே தெரியவில்லை. சாமியோடு அவளுக்கு இருந்த பழக்கம் எனக்கு இல்லை.

என் சேவலும் வளர்ந்தது. கூவவே இல்லை. "வரிசையா ஒட்டியிருக்கிற டெரஸ் வீட்டுக்கு ஏத்த சேவல்... அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கிடையாது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தேன்.

செவ்வாய்க்கிழமை முட்டை போட்டது.

பார்வதிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கொண்டையப் பாத்துப் புடிக்கலையாண்ணே?"

"அழகா இருந்துச்சும்மா."

"அண்ணிய கல்யாணம் பண்ணுனப்ப பாத்த மாதிரி பாத்திருக்கீங்க. சரி, அத வெட்டிராதீங்க. ஆடிக்குச் சேவல் நான் எடுத்து வைக்கிறேன், நீங்க வந்து ஒங்க கையால சாமிக்குக் கொடுங்க. மொத முட்டைய அவிச்சு, மஞ்சக்கருவ மசிச்சுப் பேத்திக்கு ஊட்டுங்க."

ஊட்டினோம். பேத்தியின் மூக்கு, கன்னம், காது எல்லாம் மஞ்சள். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தபடி இருந்தாள். அவள் அம்மா எழுந்து உட்கார்ந்ததும் பார்வதியின் கோழிக்கூட்டால். இவள் முதல் முட்டை தின்றதும் அந்தக் கூட்டால். இதற்கு நன்றி சொல்ல நான் கற்ற தமிழில் சரியான வார்த்தை தேடினேன்... கோழிக்குத் தவிடு வாங்கப் போய்விட்டேன்.

முனியாண்டியை நினைத்தால் மட்டும் கொஞ்சம் பயம். ஆனால் அவரும் தோட்டத்துச் சாமிதானே — முட்டை வைக்கும் கோழியின் அருமை அவருக்குத் தெரியாதா?