மும்பைச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள்?

இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி பஸ்ஸில் ஒரே பேச்சு: மும்பைத் தாக்குதல் செய்தி வந்தபோது யார் எங்கே இருந்தோம்?

"மேட்ச் பாத்துட்டிருந்தேன், சானல் மாத்தினா ஒரே புகை" என்றார் அக்கவுண்ட்ஸ் ரமேஷ். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

அல்சூரில் ஏறிய பர்வீன் வேலைக்குப் புதிது.

"நீ எங்கம்மா இருந்தே?" ரமேஷ் சிரித்தபடிதான் கேட்டார். என்னிடம் கேட்டபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"வீட்டுலதான் சார். பக்கத்து வீட்டு லில்லி ஆன்ட்டியும் கூட இருந்தாங்க. வேணும்னா போன் போட்டுத் தர்றேன், கேட்டுக்குங்க."

எங்களில் ஒருவரும் சாட்சி வைத்துப் பதில் சொல்லவில்லை.

"ஐயோ, சும்மா கேட்டேன்மா!"

எத்தனை பேர் இப்படிச் சும்மா கேட்டிருந்தால் ஒரு பெண்ணிடம் அந்தப் பதில் தயாராக இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.