மீன் தொட்டியில் நான் போட்ட ஓட்டை

என் கணவர் ஆசை ஆசையாகச் செய்த மீன் தொட்டியை ஓட்டையாக்கியவள் நான்தான். எழுபதுகளில், பாளையம்பட்டியில் குடியிருந்தபோது நடந்தது.

மரக்கடையில் வேலை பார்த்த அவர், மிஞ்சிய பிளைவுட் பலகைகளை வைத்து ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்தார். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே மூட்டுக்கு மூட்டு தாரை உருக்கிப் பூசினார். ஒழுகுகிறதா என்று பார்க்க முப்பது குடம் தண்ணீர் வேண்டும். மழையில்லாத வருஷம். ஊருக்கு வெளியே இருந்த கிணற்றிலிருந்து நான்தான் சுமந்தேன்.

இரண்டு முறை ஒழுகியது. அவர் தாரைச் சுரண்டி மறுபடி பூசினார். நான் மறுபடி சுமந்தேன். மூன்றாம் முறை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"மதுரையில மீன் வாங்கிட்டு வாரேன். வாராவாரம் தண்ணி மாத்திட்டாப் போதும்," என்றார் சந்தோஷமாக.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், கையைத் தண்ணீருக்குள் விட்டு, அடிமூலைத் தாரைக் கொண்டை ஊசியால் கீறினேன்.

மாலையில் வந்தவர் ஈரத் தரையைப் பார்த்தார். மூலையைத் தடவிய விரல், கீறலில் நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"கை வலிக்கா?"

"இடுப்புங்க. முடியல."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேக்கலையே."

அவர் குடத்தை எடுத்தார். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் 'முடியல' என்று நான் சொன்னது அன்றுதான். அதைச் சொல்ல எனக்கு ஓர் ஊசி தேவைப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.