வரம்பில் நின்ற ஆள்

காட்டை வெட்டி வயலாக்கினேன். கல்லை உடைத்துக் கிணறு இறக்கினேன். நெல் ஆலை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். துணுக்காய் ஊரில் இவ்வளவையும் உண்டாக்கியவன் நாலாம் வகுப்போடு நின்ற நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மகனின் மகளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் பொழுது சாய்ந்து மங்கும் மைமலில் முற்றத்தில் நின்று, "வயல் வரம்பிலை ஒராள் நிக்கிறார். முகம் இல்லை," என்று மனைவியிடம் சொன்னாளாம். அடுத்த நாளும் சொன்னாள். நானே அந்த வரம்பில் போய் நின்று சுற்றிவரப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து முற்றத்தில் அவள் அலறினாள்.

முனி என்று மனைவி முடிவு கட்டினாள். அது குடியிருப்பது கிணற்றடி முருங்கையில் என்று பூசாரி சொல்ல, நான் ஆலையில் இருந்த நேரம் மரத்தைத் தறித்துவிட்டார்கள். கோயிலுக்கு நேர்த்தி வைத்து, வீட்டில் பூசையும் செய்தார்கள். பூசாரி சொல்படி பிள்ளைக்கு மீன், இறைச்சி, முட்டை, கீரை எல்லாம் விலக்கு. சோறும் பருப்பும்தான். சில மாதம் போக, "இப்ப அந்த ஆள் வாறதில்லை," என்றாள் பிள்ளை.

"பாத்தியளே, நேர்த்தி பலிச்சிட்டுது," என்றாள் மனைவி.

ஆனால் பொழுதுபட்டால் பிள்ளை சுவரைத் தடவித் தடவி நடந்தாள். ஒருநாள் கிணற்றுக் கட்டில் முட்டிக்கொண்டு நின்றவளைக் கூப்பிட்டேன். திரும்பினாள். கண்கள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன.

ஒருவரையும் கேட்காமல் கிளிநொச்சிக்குக் கண் டொக்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஐயா, கண்ணிலை ரெண்டு வருத்தம்," என்றார் அந்த அம்மா. "கண் முழி நீளமா வளந்திட்டுது, அதாலை தூரம் மங்கல். கண் வளருறதிலை விற்றமின் ஏ-க்கும் பங்கிருக்கெண்டு ஆராய்ஞ்சுகொண்டிருக்கினம். ஆனா நீண்ட கண்ணைச் சாப்பாடு குறுக்காது, கண்ணாடிதான் வேணும். இருட்டிலை தெரியாதது வேறை. அது விற்றமின் ஏ குறைவாலை வந்தது. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

சொன்னேன், முருங்கை தறித்ததையும் சேர்த்து.

"அந்த விற்றமின் நிறைஞ்ச முருங்கையையோ தறிச்சனீங்கள்?" என்றார். சிரிக்கவில்லை.

மருந்து கொடுத்தோம். முட்டையும் ஈரலும் கீரையும் திரும்பக் குசினிக்குள் வந்தன. கண்ணாடியும் வந்தது. ஒரு மைமலில், வழக்கம்போலத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வரம்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை முற்றத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். பிறகு ஓடி வந்தாள்.

"அப்பப்பா, அது நீங்கள்."

இவ்வளவு நாளும் அவள் முகமில்லாமல் கண்டது என்னை. மைமலில் கண் தெரியாமல் போனபோதுதான் அந்த ஆளும் வராமல் போயிருக்கிறான். என்னை விரட்டத்தான் என் வீட்டிலேயே பூசை நடந்திருக்கிறது.

நேர்த்தியால்தான் கண் திறந்தது என்று மனைவி இன்றைக்கும் ஊரெல்லாம் கதைக்கிறாள். கோயிலுக்கு உள்ளதைக் கோயிலுக்குக் கொடுங்கள், டொக்டருக்கு உள்ளதை அவருக்குக் கொடுங்கள். ஆனால் பிள்ளையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனது நான். இந்தக் கதையை யார் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.