யாங்கோனில் மைக் இல்லாமல் ஒரு விழா

யாங்கோனுக்குப் படிக்க வந்த புதிதில் நாளுக்கு நான்கு பேராவது என்னைப் பார்த்து "அனாதெ" என்றார்கள். விடுதிப் பொறுப்பாளர் அம்மாளிடம் பழம் நீட்டினேன். "அனாதெ" என்று கையை ஆட்டினார். பேருந்தில் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அவரும் அதையே சொன்னார். நாகப்பட்டினத்தில் என் அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், யாரைப் பார்த்து அனாதை என்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொதித்தேன். 'உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது' என்பதுதான் பர்மியத்தில் அதன் பொருள் என்று தெரிய ஒரு மாதமாயிற்று.

அப்படிப்பட்ட என்னைத்தான் இரண்டாம் ஆண்டில் எங்கள் சயாமா, அதாவது ஆசிரியை, வெளிநாட்டு மாணவர் விழாவைத் தொகுத்து வழங்கச் சொன்னார். வழக்கமாக உள்ளூர் மாணவர்கள் நடத்துவார்கள். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். இந்த முறை உள்ளூர்க்காரியான என் வகுப்புத் தோழி திரியோடு நானும் மேடையேற வேண்டும், பர்மியத்தில் பேச வேண்டும். ஒத்திகையில், 'நாங்கள் இங்கே பாடம் படிக்க வந்திருக்கிறோம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'சா' என்ற எழுத்தைத் தாழ்த்திச் சொன்னால் பாடம், இழுத்து இறக்கினால் சாப்பாடு. நான் இறக்கிவிட்டேன். சாப்பிடப் படிக்க வந்தவளைப் பார்த்து மண்டபமே சிரித்தது. சயாமா மட்டும் சிரிக்கவில்லை. "தோதோ ப்யோ" என்றார். சத்தத்தைக் குறைத்துப் பேசு என்று அர்த்தம். விழாவுக்கு முந்தின நாள் என்னைத் தனியாக அழைத்து, "நீ மிங்கலாபா என்று வணக்கம் சொல்லிவிட்டுப் புன்னகை செய்தால் போதும். மற்றதைத் திரி பார்த்துக்கொள்வாள்" என்றார். அன்போடுதான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

கல்லூரி உணவகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே சமைக்கும் லட்சுமி அக்கா யாங்கோனின் இன்சீன் பகுதியில் பிறந்த தமிழச்சி. கணவர் பர்மியர், பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. விஷயத்தைக் கேட்டுவிட்டு என் முன்னால் மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்தார். "சிரிச்சாச் சிரிக்கட்டும் தங்கச்சி. ஒம் பேச்ச நீ வுடாதே. நாளைக்கு நானும் வர்றேன், சோத்துப் பானையோட பின்னாடிதான் நிப்பேன்."

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் மிங்கலாபா சொன்னேன், புன்னகைத்தேன், ஒதுங்கி நின்றேன். தாய்லாந்து மாணவிகளின் நடனம் பாதியில் இருந்தபோது மின்சாரம் போனது. யாங்கோனில் அது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அன்று ஜெனரேட்டரும் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. பாட்டு நின்றது, மின்விசிறிகள் நின்றன. திரி பேசிப் பார்த்தாள். அவள் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். சயாமா முகத்தில் இரத்தமே இல்லை.

நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் அம்மா மீன் ஏலம் விடுகிறவள். அவளுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் பள்ளிச் சீருடையோடு நான் போய்க் கூவியிருக்கிறேன், விசைப்படகு இரைச்சலுக்கு மேலே. பொம்பளப் பிள்ளைக்கு இப்படியொரு தொண்டையா என்று கேலி கேட்டுக் கேட்டுக் குரலைச் சுருக்கிக்கொண்டவள் நான்.

இடுப்பில் கட்டியிருந்த தமெய்ன் கைலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தேன். "நண்பர்களே, உட்காருங்கள்!" என்று பர்மியத்தில் கூவினேன். கதவருகே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கரண்ட்தான் போயிற்று. நாங்கள் போகவில்லை. நாங்கள் இங்கே பாடம் படிக்க வந்தவர்கள். இன்றைக்குப் பாட்டு உங்கள் கையில், தட்டுங்கள்!" 'சா' சரியாக விழுந்தது. கூட்டம் தட்டிய தாளத்துக்குத் தாய்லாந்துப் பெண்கள் ஆடி முடித்தார்கள். கொரிய மாணவர்கள் பின்னணி இசை இல்லாமலே பாடினார்கள். திரி காதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயரையும் நான் கூவி அழைத்தேன். இரண்டு மணி நேரம். ஒருவரும் எழுந்து போகவில்லை. நடுவே ஒரு முறை சயாமா மேடையேறி என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "இன்னும் சத்தமாக" என்றார்.

கடைசியில் அவரவர் மொழியில் நன்றி சொன்னோம். என் முறை வந்தபோது, "எல்லாருக்கும் நன்றி, வணக்கம்" என்றேன். பின்னால் சோற்றுப் பானைகளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு குரல், "வணக்கம்மா!" என்று திரும்பி வந்தது. அதற்கும் மண்டபம் கைதட்டியது. லட்சுமி அக்கா கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு குழுப் புகைப்படம். விருந்தினர்களான வெளிநாட்டு மாணவர்கள் முன்னால் உட்காரவும், விழா நடத்தியவர்கள் பின்னால் நிற்கவும் சொன்னார் படமெடுத்தவர். கொரியப் பையன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டான். பின்னாலிருந்து திரி என் தோளைப் பிடித்து இழுத்தாள். அந்த நொடியில் படமெடுத்தவர் பொத்தானை அழுத்திவிட்டார். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏன்டி, இதுல நீ உக்கார்றியா, எந்திரிக்கிறியா?"

எனக்கும் தெரியவில்லை. எத்தனை முறை பார்த்தாலும், அந்தப் படத்தில் பாதி உட்கார்ந்து பாதி எழுந்த நிலையில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.