கரி பஸ்ஸைத் தள்ளியவர்கள்

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்ட காலத்தில், நான் திருச்சியிலிருந்து துறையூர் வழியாக உப்பிலியபுரம் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி வண்டியின் பின்பக்கத்தில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தினார். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்திலிருந்த விசிறியைக் கை வலிக்கச் சுற்ற வேண்டும். அதில் கிளம்புகிற புகையில்தான் என்ஜின் ஓடும். சமதரையில் ஓடியது என்றே சொல்லலாம். மேடு கண்டால் இரைத்துக்கொண்டு நின்றுவிடும்.

எங்கள் பாதையில் பெரிய மேடு, கொள்ளிடம் பாலத்துக்கு ஏறுகிற இடம். திருவானைக்கோவிலைத் தாண்டிப் பாலத்தை நெருங்கினால் வண்டி நின்றுவிடும், ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்போதிருந்த கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்லி அதட்டுவார். டிக்கெட் வாங்கியவர்கள் எதற்காக வண்டி தள்ள வேண்டும் என்று அவர்களும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டி ஓட்டுவது என் வேலை, பேச்செல்லாம் கண்டக்டர் வேலை என்று இருந்தவன் நான். எங்கள் அத்தா பாலக்கரையில் குதிரை வண்டி ஓட்டியவர். அவருக்கும் பேச்சு குறைவு.

அந்தக் கண்டக்டர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு உப்பிலியபுரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். விவசாயக் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். இடது கண்ணில் பார்வை கிடையாது. டிக்கெட் கிழிக்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பி, இருக்கிற கண்ணால் எதிராளியை நேராகப் பார்ப்பார். எங்கே போகிறீர்கள், என்ன விசேஷம் என்று கேட்பார். பதில் வருகிறவரை அடுத்த ஆளிடம் போகமாட்டார். நேரம் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் மேட்டில் வண்டி நின்றதும் அவர் யாரையும் கூப்பிடவில்லை. டிக்கெட் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தனியாகத் தோள் கொடுத்தார். வண்டி அசையவில்லை. திரும்பி வந்து ஜன்னல் ஓரத்தில் நின்று, சந்தைக்கு மூட்டையோடு வந்திருந்த ஒரு அம்மாளிடம் சொன்னார்: "சந்தை கூடுறதுக்குள்ள உங்களைக் கொண்டு சேக்கணும்னு பாக்கறேங்க. என் ஒருத்தன் தோளுக்கு இது மசியமாட்டேங்குது."

அந்த அம்மாள் மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு இறங்கினாள். ஒரு பொம்பளை இறங்கின பிறகு ஆம்பளைகள் எப்படி உட்கார்ந்திருப்பது? பின்னால் பத்துப் பதினைந்து தோள்கள் சேர்ந்துவிட்டன. பாலத்தின் மேல் ஏறியதும் எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தாங்களே வண்டியைச் செய்து விட்டதுபோல் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு அவரோடு வேலை செய்வது எனக்குப் பழகிப்போனது. ஒருவருக்குத் திருச்சியிலிருந்து மருந்து வாங்கி வருவார். இன்னொருவருக்கு மகள் வீட்டுச் செய்தி கொண்டு வருவார். தூரத்தில் வரப்பில் யாராவது ஓடிவந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஒருநாள் விடியற்காலை உப்பிலியபுரத்தில் அவர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, இப்படி ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினால் வண்டி எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சுற்றுகிற கையை நிறுத்தாமலே தன் கண்ணைப் பற்றிச் சொன்னார்.

சிறுவயதில் கரும்புச் சோகை கிழித்து அந்தக் கண் வீங்கிவிட்டதாம். அப்போது அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அப்பா மாட்டுவண்டி கட்டித் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

"நேத்தே வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு பாய். எங்கப்பா சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. இந்த வண்டி ஒருநாள்கூட வராம இருக்கக் கூடாது, ஒருத்தரையும் விட்டுட்டுப் போகக் கூடாதுங்கறது எனக்கு அதனாலதான்."

பிரயாணிகள் யாரிடமும் இதை அவர் சொன்னதில்லை. நான் இறங்கிப் போய் விசிறிக் கைப்பிடியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மாற்றி மாற்றிச் சுற்றினோம்.

யுத்தம் நீள நீளக் கரிக்கும் தட்டுப்பாடு வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் ஸ்ரீரங்கத்தில் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். நல்ல மனிதர்தான். எங்களை ஊஞ்சலுக்கு எதிரே உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார். "கரியே கிடைக்கலேன்னா நான் என்ன பண்ணட்டும்? துறையூரோட நிறுத்திண்டா இருக்கறதை வெச்சுண்டு ஓட்டலாம். அதுக்கு மேல பெருமாள்தான் வழிவிடணும்."

கண்டக்டர் எதிர்த்துப் பேசவில்லை. கரி கிடைத்தால் உப்பிலியபுரம் வரை ஓட்டச் சம்மதமா என்று மட்டும் கேட்டார். கிடைத்தால் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாக முதலாளி வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் பாலம் ஏறிய பிறகு, கண்டக்டர் வண்டிக்குள் நடுவில் நின்று நடந்ததை அப்படியே சொன்னார். முதலாளி மேல் குறை சொல்லவில்லை. தனக்கு வழி தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பச்சைமலை அடிவாரத்தில் கரி சுடுகிறவர்களைத் தெரிந்தவர்கள் வண்டியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வாரமே சாலையோரத்தில் மூட்டைகள் வந்து நிற்க ஆரம்பித்தன. கமிஷன் மண்டிக்குப் போக வேண்டிய கரியில் வண்டிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டார்கள். வயசான ஒரு அம்மாள் தன் வீட்டு அடுப்புக்கரியைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அது உருளைக்கு உதவாது, பொடியாகி அடைத்துக்கொள்ளும். கண்டக்டர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அந்தக் கரியில் நாங்கள் பல நாள் டீ போட்டோம்.

உப்பிலியபுரம் வரை வண்டி ஓடுவது நிற்கவில்லை. ஆனால் அவர் ஒருமுறை மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டார். மாற்று ஆளாக வந்தவருக்கு அந்தப் பாதையே புதிது. அன்று திருச்சிக்கு வருகிற வழியில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே பிரசவத்துக்காக ஒரு பெண்ணைத் தாயார் அழைத்துவந்திருந்தாள். அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். மாற்று ஆள் என் முகத்தைப் பார்த்தார். நான் இறங்கினேன்.

"எனக்கு அவரு மாதிரிப் பேச வராதுங்க," என்றேன். "உள்ள ஒரு பிள்ளை வலியோட இருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள ஆஸ்பத்திரியில சேத்துடணும்னு இருக்கு எனக்கு. கொஞ்சம் கை கொடுங்க."

நான் முடிப்பதற்குள் பாதிப் பேர் இறங்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் இறங்கப் பார்த்தாள், தாயார் பிடித்து உட்காரவைத்தாள். பாலம் ஏறியதும் பயறு வியாபாரி ஒருவர் பின்னாலிருந்து, பாய்க்குப் பேச வருமென்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண் குழந்தை பிறந்தது என்று அடுத்த வாரம் அந்தத் தாயார் வழியில் வண்டியை நிறுத்திச் சொன்னாள்.

அந்த நாட்களில் ஒவ்வொரு ஊரிலும் அவரைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். நிலவேம்பு, கஞ்சிக்கு அரிசி, எலுமிச்சம்பழம் என்று கொடுத்தனுப்பினார்கள். என் ஸீட்டுக்குப் பக்கத்தில் வைக்க இடமில்லை. கொடுத்தவர்கள் யார் யார் என்று அவரிடம் சொல்ல வேண்டுமே என்பதற்காகப் பெயரும் வீடும் கேட்டுக்கொண்டேன். அப்படித்தான் எனக்கும் அவர்கள் எல்லோரும் தெரிந்தவர்களானார்கள். அவர் உடம்பு தேறித் திரும்பியபோது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பி, நேற்று ஏறாதவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆளாக நான் மாறியிருந்தேன். அவர் அதைக் கவனித்தார். சிரித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் போனார்.

யுத்தம் முடிந்த பிறகு என் மூத்த மகளுக்குப் பாலக்கரையில் நிக்காஹ் வைத்தேன். அவரைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேன். கூட இன்னும் சிலபேர் வரலாமா என்று கேட்டார், தாராளமாக என்றேன். பந்தல் வாசலில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மலையடிவாரத்துப் பலாப்பழமும் தினையும் கொண்டுவந்திருந்தார்கள். கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிச் சமையல் அவசரமாக ஏற்பாடானது. முதலாளியும் வந்து வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு பெண்ணை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

எங்கள் சம்பந்தி என்னை ஓரமாக அழைத்து, உங்களுக்கு அந்தப் பக்கத்தில் இவ்வளவு சொந்தமா என்று ஆச்சரியப்பட்டார். வரிசையாக ஒவ்வொருவரிடமும் அவரை அழைத்துக்கொண்டு போய், ஊரும் பேரும் சொல்லி அறிமுகம் செய்துவைத்தேன். முடிப்பதற்குள் இரண்டாவது பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.