ஒரே வரியில் என்னைத் தோற்கடித்த ஜெர்லின்

ஜெர்லின் போய்விட்டாள்.

காலையில் பழைய ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன். காய்ச்சல் என்று படுத்தவள்... மூளைக்கு ஏறிவிட்டதாம். நம்ப முடியாமல் அவள் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அழுகைதான் கேட்டது.

எல்லாரும் "நல்ல மனசு", "சிரித்த முகம்" என்று எழுதுகிறீர்கள். சரிதான். எனக்கு அவள் மேல் பொறாமை. 'இருந்தது' என்று எழுத வரவில்லை, இப்போதும் இருக்கிறது.

நாகர்கோவிலில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனி. விசைப்படகில் வைக்கிற பெட்டி ஒன்று செய்தோம்... போன வழியையும் கடலின் ஆழத்தையும் திரையில் காட்டும். அதற்குள் ஓடுகிற சாஃப்ட்வேர் என் பொறுப்பு.

படகெல்லாம் கரையில் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களுக்கு ரிலீஸ். பெட்டிகளைக் கழற்றிக் கொண்டுவந்து புதியதை ஏற்றிக் கொடுப்போம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

அந்த வருஷம், மேப் மெதுவாக நகர்கிறது என்று ஒரே புகார். சீசன் முழுக்க உட்கார்ந்து வரி வரியாக மாற்றி எழுதினேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் குளச்சல்காரி ஜெர்லின் வேலைக்குச் சேர்ந்தாள். என் சிஸ்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏட்டி, இத டீபக் பில்டாவா படகுக்குக் குடுக்கிய?"

ஆமாம், அப்படித்தான் கொடுத்தோம். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். 'அப்படியே மாற்றிக் கொடு' என்றும் அதனிடம் சொல்லலாம்... தப்பு கண்டுபிடிக்க வசதி, ஆனால் மெதுவாக ஓடும்; இதுதான் டீபக் பில்ட். 'கொஞ்சம் மூளையைப் போட்டு வேகமாக ஓடும்படி மாற்று' என்றும் சொல்லலாம். செட்டிங்கில் ஒரே வரிதான் வித்தியாசம்.

முன்னொரு தடவை அந்த வேகமான பில்ட் நடுக்கடலில் ஹேங் ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து அதைத் தொடக்கூடாது என்பது எம்.டி.யின் உத்தரவு. நாங்களும் தொடவில்லை.

இவள் தொட்டாள். O0 என்று இருந்ததை O2 என்று மாற்றினாள். மேப் பறந்தது.

எம்.டி. ஆபீஸுக்கே பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு கடி கடித்து வைத்துவிட்டேன். ஒரு சீசன் முழுக்க நான் மாடு மாதிரி உழைக்க, இவள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு ராணி மாதிரி நிற்கிறாள்!

"கோவமா மக்கா?" என்று பக்கத்தில் வந்து கேட்டாள்.

"எனக்கு என்னட்டி கோவம்?" என்றேன்.

பிறகு எனக்கும் ஒரு நாள் வந்தது.

டெஸ்டிங்கில், நடுக்கடலில் உதவி கேட்க அந்தப் பெட்டியில் வைத்திருக்கும் ஆபத்து பட்டனை அழுத்தினால் திரை அப்படியே நின்றது. பட்டன் பகுதி அவள் எழுதியது. டீபக்கில் ஒழுங்காக ஓடுகிறது, O2-வில் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று சொல்லும் மதிப்பை யாரும் மாற்றப்போவதில்லை என்று கம்பைலர் நினைத்துக்கொண்டு, ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிட்டது; கையை எடுத்த பிறகும் பட்டன் அமுங்கியே இருப்பதாக நினைத்துப் பெட்டி காத்து நின்றது. 'வாலட்டைல்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கும். அவள் போடவில்லை.

கண்டுபிடித்தது நான். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசை ஆசையாகப் போனேன்.

அவளோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "தப்பு பண்ணுனது நான், பிடிச்சது இவ. இவ இல்லேன்னா நாம கடலுல ஆளக் கொன்னுருப்போம், கேட்டியளா!"

எம்.டி. உருகிவிட்டார். "ஜெர்லினுக்கு என்ன பெரிய மனசு!" என்றார்.

கண்டுபிடித்தது நான்... பேர் அவளுக்கு. பாவி மக.

அவள் கல்யாணமாகித் திருவனந்தபுரம் போன பிறகும் நாங்கள் விடவில்லை. கம்பெனி கழித்துப்போட்ட பெட்டியை ஆளுக்கொன்று எடுத்து வைத்திருந்தோம். மேப் வரைகிற ஒரு சின்ன நிரல், அதில் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. செட்டிங்கை மட்டும் மாற்றி யார் வேகமாக ஓட்டுவது என்று வாட்ஸ்அப்பில் போட்டி.

ஒரு தடவை O2-வுக்கும் மேலே உள்ள O3 போட்டு ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன். ஓட்டிப் பார்த்தால் பில்ட் வீங்கிப்போய் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. "இருக்கதையெல்லாம் அள்ளிப் போடாத மக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூடவே அந்தச் சிரிப்பு.

எப்போதும் அவள்தான் ஒரு முழம் முன்னால்.

போன வாரம் நிஜமாகவே ஜெயித்தேன். நிரலை ஒரு முழுப் பயணத்துக்கு ஓடவிட்டு, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று பதிவெடுத்து, அதைக் கம்பைலரிடமே கொடுத்தேன். அவள் இதுவரை அனுப்பிய எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. நேரத்தை எழுதி, "இப்ப சொல்லுட்டி" என்று அனுப்பினேன்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பொறாமையில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். கருங்கல் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மத்தியானம் குளச்சல் போனேன்; அவளை அம்மா வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். எங்கெங்கோ வேலை பார்த்த டீம் ஆட்களெல்லாம் வந்து தேம்பித் தேம்பி அழுகிறார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் ஒரு எரிச்சல்.

தங்கச்சி ஷைனி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஒங்க மெசேஜ அவ பாத்தா. தொறக்காம, மேல வந்த நோட்டிபிகேஷன்லயே வாசிச்சா."

"என்னட்டி சொன்னா?"

"சிரிச்சா. 'தொறக்காத, நீலம் விழுந்திரும். அவ கொஞ்சம் கெடந்து தவிக்கட்டும். இத விட நல்ல செட்டிங் ஒண்ணு எனக்குக் கிட்டியிருக்கு, வீட்டுக்குப் போனதும் அனுப்புகேன்'னா."

"என்ன செட்டிங்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா."

அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கே நின்றவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைக்கும் அளவுக்கு அழுதேன்.

போய் வா ஜெர்லின். அது என்ன செட்டிங்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா, ஏட்டி...