கரண்ட் வந்ததும் ஓடிய ரம்பம்

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் போர்வெல் வற்றி விவசாயம் நின்றதும், தச்சு வேலை தெரிந்த என் கணவர் பழைய வட்ட ரம்ப மெஷின் ஒன்றை வாங்கிப் புதுப்பித்தார். பேரிங் மாற்றினார், பெல்ட்டுக்கு மூடி போட்டார். ஸ்டார்ட்டர் மட்டும் புதிதாக வாங்காமல், சும்மா கிடந்த போர் மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டினார். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும் பெட்டி அது.

ஒருநாள் அறுக்கும்போது கரண்ட் போனது. ரம்பத்தில் சிக்கிய சிராயை விரலால் எடுக்கப் போனார்.

"மெயின எறக்கிட்டுச் செய்யுங்க" என்றேன்.

"இனி சாயந்திரந்தான் வரும், நீ வூட்டுக்குப் போ" என்றார்.

அப்போதே வந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டோம். இப்போது கரண்ட் போனால், யாரிடமும் சொல்லிக்கொண்டு நிற்காமல் நானே மெயினை இறக்கிவிடுகிறேன். மெஷினில் இனி ஆபத்தில்லை. விற்கலாமென்றால், வாங்க வருகிறவர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.